தொகைப்படமும் காண்போர் தீர்ப்பும்

பல சிறு கதைகளைத் தொகுத்து ஒரு படமாக்கும் முறை திரைக்கலையில் நெடுங்காலமாக உள்ளது. அத்தகையதனை யாம் இக்கட்டுரையில் தொகைப்படம் என்று வழங்குவோம். தமிழ் பயில்வார்க்குத் தொகை என்னும் சொல்லும் பொருளும் புதியன அல்ல. ஒருவர் பாடியனவாயினும் பலர் பாடியனவாயினும், பொருள், இடம், காலம் முதலியவற்றுள் ஒன்று பற்றிக் கூட்டப்பெறுவது தொகை எனத் தண்டியலங்காரம் கூறும். முத்தகம், குளகம், தொகை, தொடர்நிலை என்னும் நான்கனுள் அதனை மூன்றாவதாக வைக்கும். அச்சத்தையே பொருளாகக் கொண்டு இயக்குநர் பலர் எடுத்த கதைகளை ஒருங்கு கூட்டிய படத்தைப் பொருளால் தொகுத்த தொகை எனக் கொள்வதற்குத் தடையில்லை.

இத்தகைய படங்களைக் கண்டோர் கூறும் கருத்துகளைத் திரட்டி நோக்குங்கால் ஒரு பொதுத்தன்மை புலனாகும். ஒரே கதையுடைய படத்தைக் கண்டவர், நன்று என்றோ நன்றன்று என்றோ ஒரு தீர்ப்பு வழங்குவர். தொகைப்படத்தைக் கண்டவரோ கதைகளை வரிசைப்படுத்துவர். இறுதிக் கதை சிறந்தது, முதற்கதை பரவாயில்லை, நான்காவது இல்லாமலே இருந்திருக்கலாம் என்ற முறையிலேயே பேச்சுத் தொடங்கும். பெரும்பாலும் அம்முறையிலேயே முடிந்தும் விடும். தொகைநூல் ஒன்றனைப் படித்த மாணவரிடம் சிறந்த பாடல் யாது என வினவித் தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண் வழங்கும் நம் வழக்கமும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. இவ்வாறு வரிசைப்படுத்துதல் இயல்பே. ஆயின் அது போதுமா என்பதே யாம் ஆராயப் புகுந்த பொருள். வினா சிறிதாகத் தோன்றினும் அதன் பயன் சிறிதன்று. இக்கதை காண்போர்க்கு வேண்டாதது எனத் தாமே முடிவு செய்து, முழுப்படத்தை அறுத்துச் சிதைத்து அரங்கிற்கு அனுப்பிய வணிகர் உளர். அவர்தம் செயலின் விளைவு நமக்கு ஆய்வுப்பொருளாக எஞ்சியுள்ளது.

யாம் எடுத்துக்கொள்வது 1945-ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்த ‘டெட் ஆஃப் நைட்’ என்னும் கறுப்பு வெள்ளைப் படம். நள்ளிரவு என்பது அப்பெயரின் பொருளாகலின், இனி ‘நள்ளிரவு’ என்றே குறிப்போம். ஈலிங் படநிலையத்தார் எடுத்த இதனைத் தயாரித்தவர் மைக்கேல் பால்கன். ஆல்பெர்ட்டோ காவல்காந்தி, சார்லஸ் கிரைட்டன், பேசில் டியர்டன், ராபர்ட் ஹேமர் என இயக்குநர் நால்வர். 1942 முதல் போர் முடியும் வரை பிரித்தானியத் தணிக்கை வாரியம் அச்சப் படங்களுக்குரிய ‘எச்’ என்னும் சான்றிதழை வழங்காது நிறுத்தியிருந்தது. போர் ஓய்ந்த சில நாள்களுக்குள் இப்படம் மக்கள் முன் வந்தது. ஆறாண்டுகள் மெய்யான சாவைக் கண்டு வந்த மக்கள், திரையிற் காட்டப்பெறும் பேயை விரும்பிச் சென்று கண்டனர் என்பது உளநூலார் ஆராய்தற்குரியது. நாம் அதனுள் புகுதல் வேண்டா.

படத்தின் அமைப்பை முதற்கண் கூறுதல் வேண்டும். வால்டர் கிரெய்க் என்னும் கட்டடக் கலைஞர் ஒருவர், கென்ட் பகுதியிலுள்ள ஒரு பண்ணை வீட்டிற்கு அழைப்பின் பேரில் வருகின்றார். வந்தவர் அங்குள்ளோரைக் கண்டதும் திகைக்கின்றார். அவர்கள் அனைவரையும் தாம் மீண்டும் மீண்டும் காணும் ஒரு கனவிற் கண்டிருப்பதாகவும், அக்கனவு இனிதாகத் தொடங்கிக் கொடிதாக முடியும் என்றும் கூறுகின்றார். விருந்தினருள் ஒருவராகிய உளநோய் மருத்துவர் வான் ஸ்டிராட்டன் இதனை நம்ப மறுக்கின்றார். ஏனையோர் தத்தமக்கு நேர்ந்த விளங்காத நிகழ்ச்சி ஒவ்வொன்றைக் கூற, மருத்துவர் ஒவ்வொன்றற்கும் அறிவியல் விளக்கம் தருகின்றார். இடையிடையே கிரெய்க் முன்னுரைத்தவை ஒவ்வொன்றாய் நிகழ்கின்றன. கையிற் காசில்லாத பெண்ணொருத்தி வருவாள் என்கின்றார். வாடகை வண்டிக்குப் பணமின்றி ஒருத்தி வந்து சேர்கின்றாள். மருத்துவரின் மூக்குக் கண்ணாடி உடையும் என்கின்றார்; அதுவும் உடைகின்றது. பண்ணை வீட்டில் நிகழும் இப்பகுதியை இணைப்புக்கதை என்போம். இதனை இயக்கியவர் டியர்டன்.

இணைப்புக்கதையினுள் ஐந்து கதைகள் அடங்கும். முதலாவது, பந்தயத்திற் காயமுற்ற காரோட்டி ஒருவன் மருத்துவமனையிற் கண்டது. இரவிற் பலகணித் திரையை விலக்குகின்றான். வெளியே பகல் வெளிச்சம், கீழே பிணவண்டி. உள்ளே ஒருவருக்கு இடமுண்டு என்கின்றான் வண்டியோட்டி. பின்னொருநாள் பேருந்தில் ஏறப் போகையில், நடத்துநன் அதே முகத்துடன் அதே சொற்களைக் கூறக் கேட்டு விலகி நிற்கின்றான். அப்பேருந்து சற்றுத் தொலைவில் கவிழ்கின்றது. இது ஈ. எஃப். பென்சன் 1906-இல் எழுதிய சிறுகதையினின்று எடுத்தது. இரண்டாவது, கிறிஸ்துமஸ் விருந்தில் ஒளிந்து விளையாடும் சாலி என்னும் சிறுமி, அழுதுகொண்டிருக்கும் சிறுவன் ஒருவனைத் தேற்றித் துயிற்றியது. அவன் பல்லாண்டுகட்கு முன் தமக்கையாற் கொல்லப்பட்டவன் எனப் பின்னர்த் தெரிகின்றது. 1860-இல் இங்கிலாந்தில் மெய்யாகவே நிகழ்ந்த பிரான்சிஸ் கென்ட் என்னும் குழந்தையின் கொலையே இதற்கு அடிப்படை. மூன்றாவது, பழம்பொருட் கடையில் வாங்கிய நிலைக்கண்ணாடி வேறோர் அறையைக் காட்டுவதும், அதன் முன் நிற்கும் கணவனை முன்னாள் உடைமையாளனின் வெறி பற்றுவதும். நான்காவது, கோல்ஃப் ஆட்டக்காரர் இருவரைப் பற்றிய நகைச்சுவை. ஐந்தாவது, வாயசையாது பேசிப் பொம்மை பேசுவதுபோற் காட்டும் வித்தைக்காரன் மேக்ஸ்வெல் ஃப்ரியர், தன் பொம்மையாகிய ஹியூகோவுக்கே அடிமையான கதை. இவ்வித்தைக்காரனாக நடித்தவர் மைக்கேல் ரெட்கிரேவ்.

காண்போர் வரிசைப்படுத்தும் முறையை இனி நோக்குவோம். ஐந்தாவது கதையே தலையாயது என்பதில் ஏறக்குறைய அனைவரும் உடன்படுவர். அடுத்து, ஹேமர் இயக்கிய கண்ணாடிக் கதையைச் சொல்வர். திறனாய்வாளருள் அதனையே முதலில் வைப்பாரும் உளர். பிணவண்டிக் கதை சுருக்கத்தாற் புகழ் பெற்றது. கிறிஸ்துமஸ் கதையைப் பற்றி மிகுதியாகப் பேசுவாரிலர். கோல்ஃப் கதை எல்லோராலும் இழித்துரைக்கப்படுவது. படத்தைப் போற்றி எழுதுவோரும் அவ்விடத்து வந்ததும் சிறிது தயங்கிப் பொறுத்தருளுமாறு வேண்டுவது போல் எழுதுவர்.

இவ்வரிசை தற்செயலாய் அமைந்ததன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உரையில் இளம்பூரணர், அச்சமுற்றவனிடத்து நிகழும் அச்சம் புறத்தே வெளிப்பட்டுக் காண்போர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு என விளக்குவர். நாடகத்தைக் கருதிக் கூறிய அவ்விளக்கம் திரைப்படத்திற்கும் முற்றப் பொருந்தும். அஞ்சத்தக்க பொருள் திரையில் இருப்பதனால் மட்டும் காண்பவன் அஞ்சுவதில்லை. அஞ்சுபவன் ஒருவன் அங்கே இருத்தல் வேண்டும். வித்தைக்காரன் கதையிற் பேயில்லை, கொடுவிலங்கில்லை. மரத்தாற் செய்த பொம்மை ஒன்றே உளது. ஆயினும் ரெட்கிரேவின் முகத்தில் வியர்வையும் நடுக்கமும் கெஞ்சலும் மாறி மாறித் தோன்றுகின்றன. தன் கையால் இயங்கும் பொம்மை தன்னை விட்டு வேறொரு வித்தைக்காரனிடம் செல்ல விரும்புகின்றது என அவன் நம்புகின்றான். அந்நம்பிக்கையின் அச்சம் நம்மை வந்து சேர்கின்றது. கண்ணாடிக் கதையிலும் அஞ்சுபவன் கணவன். அவன் அச்சத்தைக் கண்டு மனைவி அஞ்ச, அவளைக் கண்டு நாம் அஞ்சுகின்றோம். பிணவண்டிக் கதையில் அஞ்சுவதற்கு நேரமில்லை. நிகழ்ச்சியின் வியப்பே மிகுதி. சிறுமி சாலி அச்சமறியாமலே ஆவியைத் தேற்றுகின்றாள். உண்மை தெரிந்த பின்னரே நடுங்குகின்றாள். கோல்ஃப் கதையில் மெய்யாக அஞ்சுபவர் எவருமிலர். காண்போர் இட்ட வரிசை, அச்சம் புறப்பட்டுப் புலனாகும் அளவை ஒட்டியே அமைந்திருத்தல் காண்க.

ஆசிரியர் கூறும் அச்சத்தின் நிலைக்களன் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கு என்பதனுள் பேயும் பூதமும் பிறவும் அடங்குமெனப் பேராசிரியர் கொள்வர். பொம்மை ஹியூகோவை இந்நான்கனுள் எதனுள் அடக்குவது என ஆய்வு மாணவர் வினவலாம். அணங்கினுள் அடக்குதல் எளிது. ஆனால் அணங்கு வெளியிலிருந்து வருவது. ஹியூகோ பேசுவதெல்லாம் ஃப்ரியரின் குரலே. தன்னைத் தானே அஞ்சுதல் என்னும் இதனை, உயிரற்ற பாவை, நிழல்போன்ற இரட்டை என்பவற்றை வைத்துப் பிராய்டு 1919-இல் எழுதிய கட்டுரையொன்று ஆராய்கின்றது. ஈண்டு இவ்வளவு அமையும்.

கோல்ஃப் கதையைச் சிறிது விரிவாகக் காணுதல் வேண்டும். வழக்கு அதன் மேலதே. நண்பர் இருவர் ஒரு பெண்ணை விரும்புகின்றனர். யாருக்கு அவள் என்பதை ஆட்டத்தால் முடிவு செய்கின்றனர். வென்றவன் ஏய்த்து வென்றான். தோற்றவன் அமைதியாக ஏரியுள் நடந்து மறைகின்றான். பின்னர் ஆவியாக வந்து நண்பனை அலைக்கழிக்கின்றான். மறைவதற்குரிய கைச்சைகையை மறந்துவிட்டதால் திரும்பிப் போகவும் இயலாமல் தவிக்கின்றான். முடிவில் உயிரோடிருந்தவனே சைகை செய்து மறைந்துபோக, ஆவி மணமகனது இடத்தைப் பிடிக்கின்றது. எச். ஜி. வெல்ஸ் 1902-இல் எழுதிய கதை இதற்கு மூலம். மூலத்தை அறிந்தோர் இதனை வெறுத்தற்கு மற்றுமொரு காரணம் உண்டு. வெல்ஸ் எழுதியதில், திறமற்ற ஆவியின் சைகையைத் தோழர் முன் செய்து காட்டுபவன், கடைசி அசைவை முடித்ததும் அங்கேயே விழுந்து இறக்கின்றான். அதுவரை சிரித்த தோழர் திடுக்கிட்டு நிற்பர். நகை அச்சமாக மாறும் அத்திருப்பமே அக்கதையின் உயிர். படமாக்கியோர் அதனை நீக்கிச் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டனர். எம் கருத்தில் அக்கதை தன்னளவில் மெலிந்ததே. அது காட்டும் நகை எள்ளலும் பேதைமையும் பற்றிய எளிய நகை. சற்று நீண்டும் விட்டது.

ஆயினும் அது நிற்கும் இடத்தை நோக்குதல் வேண்டும். கண்ணாடிக் கதை முடிந்து அறையிலுள்ளோர் மனம் இறுகியிருக்கும் வேளையில், விருந்தளிப்பவர் அவ்விறுக்கத்தைத் தளர்த்தும் பொருட்டு இதனைக் கூறுகின்றார். தாம் பட்டதாக அன்றி வேறு இருவர்க்கு நேர்ந்ததாகக் கூறுகின்றார். கேட்போர் இதனை நம்ப வேண்டுவதில்லை. எனவே, பேய்க்கதை என்றால் இவ்வளவுதானே, எல்லாம் புனைவுதானே என்னும் எண்ணம் அறையிலுள்ளார்க்கும் திரைக்கு வெளியேயுள்ள நமக்கும் ஒருங்கே தோன்றுகின்றது. அந்நிலையில், அதுவரை எதனையும் நம்பாத மருத்துவர் வாய் திறக்கின்றார். ஐந்தாவது கதை அவருடையது. நம்பாதவர் கூறும் கதை அது. சிறையிலிருந்த ஃப்ரியரிடம் பொம்மையை மீண்டும் கொடுத்து நோக்கியவரும் அவரே. அச்சோதனையின் விளைவாகவே ஃப்ரியர் பொம்மையின் முகத்தை நசுக்கித் தன்னையும் இழக்கின்றான். நான்காவது கதையில் நாம் தளர்ந்திராவிடின் ஐந்தாவது இவ்வளவு ஆழமாகத் தைக்குமா என்பது ஐயமே. வேண்டாதது எனக் காண்போர் ஒதுக்கிய கதையே, வேண்டுவது என அவர் போற்றும் கதைக்குத் தளமிட்டிருக்கின்றது.

இஃது எம் கற்பனையன்று என்பதற்கு அமெரிக்கப் பதிப்பே சான்று. 1946-இல் அந்நாட்டில் வெளியிட்ட பொழுது, கோல்ஃப் கதையையும் கிறிஸ்துமஸ் கதையையும் நீக்கிவிட்டனர். ஏறத்தாழ 103 நிமிடம் ஓடும் படம் 77 நிமிட அளவிற் சுருங்கிற்று. காண்போர் வரிசையின் அடியிலுள்ள இரண்டையும் கழித்து விட்டால் எஞ்சுவது முழுதும் சிறந்ததாக இருக்கும் என்பது கணக்கு. கணக்கு சரியாயின் அமெரிக்கர் கண்டது மேலும் சிறந்த படமாதல் வேண்டும். நிகழ்ந்தது வேறு.

படத்தின் முடிவை இன்னும் யாம் கூறவில்லை. மருத்துவரும் கிரெய்க்கும் தனித்திருக்கும் பொழுது, தன்னை மீறிய ஓர் ஆற்றலால் உந்தப்பட்டவராய்க் கிரெய்க் அவரைக் கழுத்தை நெரித்துக் கொல்கின்றார். உடனே எல்லாம் சுழல்கின்றது. கேட்ட கதைகளினுள்ளேயே அவர் ஓடி ஒளிய முயல்கின்றார். கிறிஸ்துமஸ் விருந்துக்குள் புகுகின்றார். சாலியுடன் ஒளிந்து விளையாட முற்படுகின்றார். பிணவண்டியோட்டி சிறைக்காவலனாகி, உள்ளே ஒருவருக்கு இடமுண்டு என்று கதவைத் திறக்கின்றான். சிறையறையில் ஹியூகோ தன் காலால் எழுந்து நடந்து வந்து அவர் கழுத்தைப் பற்றுகின்றது. கிரெய்க் தம் வீட்டுப் படுக்கையில் விழித்தெழுகின்றார். கனவு எதுவும் அவர்க்கு நினைவில்லை. தொலைபேசி ஒலிக்கின்றது. கென்ட் பகுதியிலுள்ள பண்ணை வீட்டிற்கு வருமாறு ஒருவர் அழைக்கின்றார். மனைவி, போய் வாருங்கள் என்கின்றார். படத்தின் தொடக்கத்திற் கண்ட அதே சாலையில் அதே வண்டி வந்து நிற்கின்றது.

கிறிஸ்துமஸ் கதையைக் காணாத அமெரிக்கர்க்கு, முடிவில் திடீரெனத் தோன்றும் விருந்தும் சிறுவரும் என்ன விளங்கும்? பண்ணை வீட்டில் ஒரு சிறுமி ஏன் அமர்ந்திருக்கின்றாள், அழைத்த வீட்டுக்காரர் கதை ஏதும் கூறாமல் ஏன் வாளாவிருக்கின்றார் என்பனவும் விளங்கா. தீயனவற்றை அறுத்தெறிந்ததாக எண்ணியோர், எஞ்சியவற்றின் உறவையும் அறுத்துவிட்டனர்.

தமிழ் மரபிலிருந்து ஓர் ஒப்புமை கூறின் இது தெளிவாகும். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைத்தில. இழப்பு பெரிதே. ஆயினும் கிடைத்த எட்டுப் பத்துகளும் தம்மளவில் நின்று சுவை தருகின்றன. தொகையின் இயல்பு அது. அந்தாதியோ அத்தகையதன்று. ஒரு பாடலின் ஈறு அடுத்ததன் முதலாக வருதலானும், இறுதிப் பாடலின் ஈறு முதற்பாடலின் முதலோடு பொருந்தி மண்டலித்தலானும், இடையில் ஒன்று வீழ்ந்தால் நூலே அதனைக் காட்டிக் கொடுக்கும். அதே பதிற்றுப்பத்தில் நான்காம் பத்து அந்தாதியாய் அமைந்திருத்தல் நினைத்தற்குரியது. ஒரே நூலுள் இருவகை அமைப்பும் இடம்பெறும். ‘நள்ளிரவு’ பெயரளவில் தொகை. அமைப்பில் மண்டலித்த அந்தாதி. கதைக்கும் கதைக்கும் இடையே அந்தாதித் தொடர்பு உண்டென யாம் கூறவில்லை. முடிவு முதலைப் பற்றுதலையும், அம்முடிவு இடையிலுள்ளவற்றையெல்லாம் மீட்டும் வேண்டி நிற்றலையுமே கூறுகின்றோம். அமெரிக்க வணிகர் தொகை என எண்ணி அந்தாதியை வெட்டினர்.

வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிற்று என நம்மவர் கூறுவது இப்படத்தின் முடிவுக்கு எவ்வளவோ பொருந்தும். ஆனால் விக்கிரமாதித்தன் ஒவ்வொரு முறையும் தான் முன்பு வந்ததை அறிவான், கிரெய்க் அறியான். அங்ஙனமாயின் அறிபவர் யார்? படத்தை இரண்டாம் முறை காண்பவரே. இவ்விடத்தில் காண்போர் கருத்துப் பற்றிய ஆய்வு புதியதொரு திசையிற் செல்கின்றது. முதன்முறை காண்பவர் அறையிலுள்ள விருந்தினர் போன்றவர். ஒவ்வொரு கதையையும் கேட்டு, இது நன்று, அது நம்பத்தக்கதன்று என மதிப்பிடுவர். மறுமுறை காண்பவரோ கிரெய்க்கின் நிலையில் இருக்கின்றார். அறையினுள் நுழைந்ததும் அனைவர் முகமும் தெரிந்தவை. பணமில்லாத பெண் வருவாள் என்பதும், கண்ணாடி உடையும் என்பதும், அந்த இனிய மாலை கொலையில் முடியும் என்பதும் தெரிந்தவை. தெரிந்தும் தடுக்க இயலாது. கிரெய்க்காக நடித்த மெர்வின் ஜான்ஸ் மென்மையும் பணிவும் உடைய மனிதராகத் தோன்றுவார். முதல்முறை அவரைப் பெரிதாக எவரும் பேசுவதில்லை. இரண்டாம் முறையில் அவர் முகமே படமாகிவிடுகின்றது. வரிசைப்படுத்தும் தீர்ப்புப் பெரும்பாலும் முதற்காட்சியின் தீர்ப்பு என்பதும், முழுமை நோக்கிய தீர்ப்பு மறுகாட்சியிற் பிறப்பது என்பதும் எம் துணிபு.

அக்காலத்துப் பிரித்தானியத் திரையரங்குகளில் இடைவிடாக் காட்சி வழக்கிலிருந்தது. கண்டோர் எந்நேரத்திலும் உட்புகுந்து, தாம் புகுந்த இடம் மீண்டும் வரும் வரை அமர்ந்திருந்து வெளியேறுவர். ஏனைய படங்களுக்கு அவ்வழக்கம் இடையூறு. ‘நள்ளிரவு’ படத்திற்கு அஃது அணி. எங்குப் புகுந்தாலும் வட்டத்தின் உள்ளேயே புகுகின்றோம்.

இப்படத்தின் முழுமையை நோக்கி எழுந்த கருத்துகளுள் மிகப் புகழ்வாய்ந்தது திறனாய்வாளருடையதன்று, வானநூலாருடையது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய பிரெட் ஹாயில், தாமஸ் கோல்ட், ஹெர்மன் பாண்டி ஆகிய மூவரும் இதனைக் கண்டனர். படம் சுழன்று தொடங்கிய இடத்திற்கே வருவதைக் கண்ட கோல்ட், அண்டமும் இவ்வாறு அமைந்திருந்தால் என்னாம் என வினவினார் என ஹாயில் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். இயக்கம் இருந்தும் மாற்றமின்றித் தொடக்கமும் முடிவும் இல்லாதிருப்பதொரு அண்டம் என்னும் எண்ணம் அவ்வாறு எழுந்தது. 1948-இல் பாண்டியும் கோல்டும் ஒரு கட்டுரையும், ஹாயில் தனியே ஒரு கட்டுரையும் வெளியிட்டனர்; அதுவே நிலைத்த நிலை அண்டக் கொள்கை. 1965-இல் அண்டப் பின்புலக் கதிர்வீச்சு கண்டறிந்து அறிவிக்கப்பட்ட பின் அக்கொள்கை செல்வாக்கிழந்தது. அறிவியல் எண்ணம் ஒன்று ஒரு படத்தினின்றே பிறந்தது எனக் கூறிவிடுதல் மிகையாகலாம். நமக்கு வேண்டுவது வேறு. அம்மூவரும் எக்கதை சிறந்தது என்று பேசியதாக வரலாறு இல்லை. படத்தின் வடிவத்தையே பேசினர். இலக்கியம் பயிலாதார் மூவர், பயின்றார் பலர் காணாது விட்டதனைக் கண்டனர் என்பதில் நமக்குச் சிறிது நாணமும் உண்டு.

வரிசைப்படுத்தும் தீர்ப்பு எங்கும் பொருந்தாது என்பதும் எம் கருத்தன்று. இணைப்புக்கதை இல்லாத தொகைப்படங்கள் பல. 1968-இல் எட்கர் ஆலன் போவின் கதைகளைக் கொண்டு வாதிம், மால், ஃபெலினி ஆகிய மூவர் எடுத்த படத்தில், ஃபெலினியின் பகுதியை மட்டும் போற்றி ஏனைய இரண்டையும் கைவிடுதல் பெருவழக்கு. அதனாற் கேடொன்றும் இல்லை. மூன்றும் ஒன்றை ஒன்று அறியா. 1983-இல் நான்கு இயக்குநர் எடுத்த ‘ட்வைலைட் ஜோன்’ படத்திற்கு ராஜர் ஈபர்ட் என்னும் அமெரிக்கத் திறனாய்வாளர் பகுதிக்கொரு நட்சத்திர மதிப்பாகத் தனித்தனியே வழங்கினார். புகழ்மிக்கோர் எடுத்த முன்னிரண்டினும் பின்னிரண்டே உயர்ந்த மதிப்புப் பெற்றன. படத்தின் இயல்புக்கு ஏற்ற முறை அது. முத்தகங்களைக் கூட்டி வைத்தால் முத்தகங்களாகவே மதிப்பிடுதல் முறைதானே.

ஆயின் அங்கும் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு மசாகி கோபயாஷியின் ‘குவைதான்’ சான்று. லாஃப்காடியோ ஹெர்ன் எழுதிய சப்பானியக் கதைகள் நான்கு அதில் உள்ளன. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடுவது. 1965-இல் கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. அதுவும் அமெரிக்காவில் வெட்டப்பட்டது. பனிப்பெண் பற்றிய இரண்டாம் கதை முழுவதும் நீங்கிற்று. இணைப்புக்கதை இல்லாமையால் வெட்டின் வடு வெளியே தெரியவில்லை; கண்டோர்க்குக் குழப்பமும் இல்லை. வடு தெரியாமையே அங்குத் தீங்காயிற்று. ‘நள்ளிரவு’ தன்னை வெட்டியோரைத் தானே காட்டிக் கொடுத்தது. ‘குவைதான்’ வாய் திறக்கவில்லை. வானத்தில் வரைந்த கண்கள் பனிவெளியை நோக்கி நிற்கும் அக்காட்சியை அமெரிக்க அரங்குகளில் கண்டோர் இழந்தனர். இழந்ததை அறியவும் வழியிலர்.

‘நள்ளிரவு’ படத்தை முன்மாதிரியாகக் கொண்டோரைப் பற்றி ஒரு சொல். ஆமிகஸ் நிறுவனத்தின் மில்டன் சபாட்ஸ்கி இதனைப் பெரிதும் போற்றியவர். 1965-இல் ‘டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்’ தொடங்கி, 1972-இல் ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’ முதலிய தொகைப்படங்களை அந்நிறுவனத்தார் எடுத்தனர். இணைப்புக்கதை இன்றியமையாதது என்பதை அவர் நன்கு கற்றனர். தொடர்வண்டியிலோ நிலவறையிலோ ஐவர் கூடுவர். ஒவ்வொருவர்க்கும் ஒரு கதை வாய்க்கும். முடிவில் அவரெல்லாம் முன்னரே இறந்தவர் எனத் தெரியவரும். முதன்முறை காணுங்கால் இம்முடிவு திடுக்கிட வைக்கும். மறுமுறை காணுங்கால் அத்திடுக்கம் இல்லை. அதனிடத்து வேறொன்று வந்து நிற்பதும் இல்லை. ஈலிங் படத்தில் முடிவு தெரிந்தவர்க்கே அச்சம் தொடங்குகின்றது. பண்ணை வீட்டின் வாயிலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கிரெய்க் தலையைச் சிறிது அசைத்து ஐயுற்று நிற்பார். முதல்முறை அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை.